777 போட்டும் திறக்காத ஃபோல்டர்

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பழைய லேப்டாப்பில் உபுண்டு 20.04, புதிதாக வாங்கியதில் 24.04. ஹோம் ஃபோல்டருக்குள் 'சைட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதில் ஒரு வேர்ட்பிரஸ் தளம், ஒரு லாரவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) தளம். இரண்டையும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி இறக்கினீர்கள். வெப் சர்வரான அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலையும் அச்சுப் பிசகாமல் கொண்டுவந்தீர்கள். பிரவுசரில் 403 ஃபார்பிடன், அதாவது அனுமதி இல்லை. ஒரு வீடியோவைப் பார்த்து ஃபோல்டர் முழுக்க 777 கொடுத்தீர்கள், அதே 403. பிறகு சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு எல்லாவற்றையும் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கீழே காப்பி செய்து அங்கேயும் 777. தளம் திறந்தது. ஆனால் பிளக்இன் போடப் போனால் வேர்ட்பிரஸ் எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கிறது, கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட் 'டுபியஸ் ஓனர்ஷிப்' (ஓனர் யார் என்பதில் சந்தேகம்) என்று முரண்டு பிடிக்கிறது, லாரவெல் காலையில் ஓடிவிட்டு மதியம் 500 (சர்வர் எரர்) காட்டுகிறது. "எந்த நம்பர் கொடுத்தால் இதெல்லாம் அடங்கும்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

அப்படி ஒரு நம்பர் கிடையாது. மூன்று எண்களும் வரிசையாக ஓனர், குரூப், மற்றவர்கள்; ஒவ்வொன்றும் படிக்க (ஆர்) 4, எழுத (டபிள்யூ) 2, ஓட்ட (எக்ஸ்) 1 ஆகியவற்றின் கூட்டல். 777 என்றால் எல்லோருக்கும் எல்லா உரிமையும். அதற்கு மேல் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அதைக் கொடுத்தும் திறக்கவில்லை என்றால் குறை உரிமையின் அளவில் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கதவைத் தட்டுவது யார், அவர் நிற்பது எந்தக் கதவில் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். நான் பன்னிரண்டு வருடமாக லினக்ஸ் சர்வர் பார்க்கிறவன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் லேப்டாப்பை முதல் நாள் தயார் செய்து கொடுப்பதும் என் தலையில்தான் விழும். உங்கள் கதையை வேறு வேறு பெயர்களில் நிறையப் பார்த்துவிட்டேன். கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் தட்டுவது யார் என்பது. உங்கள் பயனர்பெயர் ராஜா என்று வைத்துக்கொள்வோம். எடிட்டரில் ஃபைலைத் திறப்பது ராஜா. பிரவுசரில் அதே தளத்தைத் திறக்கும்போது ஃபைலைப் படிப்பது ராஜா இல்லை, அப்பாச்சி. உபுண்டுவிலும் டெபியனிலும் அப்பாச்சி 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. ஃபெடோராவில் அந்தப் பெயர் 'அப்பாச்சி', ஆர்ச்சில் 'எச்டிடிபி', லினக்ஸில் போட்ட எக்ஸாம்ப்பில் 'டீமன்'. இனி இவரைச் சர்வர் பயனர் என்கிறேன். கெர்னலுக்குப் பெயர்களில் அக்கறை இல்லை, நம்பர்தான் தெரியும்: உபுண்டுவில் நீங்கள் முதலில் உருவாக்கும் பயனர் 1000, சர்வர் பயனர் 33. பழைய மெஷினில் உங்கள் நம்பர் 1001 ஆக இருந்து, எக்ஸ்ட்4 (லினக்ஸின் சொந்த ஃபார்மேட்) டிஸ்க்கில் ஃபைல்களைக் கொண்டுவந்திருந்தால், புது மெஷினில் அவை ஊர் பேர் தெரியாத 1001 என்பவருக்குச் சொந்தமாகக் கிடக்கும். உங்கள் டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்பதால் வேறு கோளாறு: அது ஓனர், பர்மிஷன் எதையுமே எழுதி வைப்பதில்லை. டிஸ்க்கை மாட்டுகிற நேரத்தில் சிஸ்டமே எல்லா ஃபைலுக்கும் ஒரே அச்சில் ஒரு பர்மிஷனைச் சூட்டிவிடும், இறக்கும்போது அதுவே ஒட்டிக்கொண்டு வரும். சிம்பாலிக் லிங்க்குகளையும் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் குறுக்குவழிகள்) எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளாது. லாரவெலில் பப்ளிக்குக்குள் இருக்கும் ஸ்டோரேஜ் லிங்க் இந்நேரம் காணாமல் போயிருக்கும், படங்கள் எதுவும் தெரியாவிட்டால் அங்கே பாருங்கள்.

இப்போது கதவு. உங்கள் முதல் 403க்குக் காரணம் இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உபுண்டு 21.04 வருவதற்கு முன்பு புதுப் பயனரின் ஹோம் ஃபோல்டர் 755 பர்மிஷனோடு பிறந்தது. 21.04லிருந்து 750. கடைசி எண் 5 என்பது 0 ஆனது, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்தக் கடைசி எண்தான் 'மற்றவர்கள்', சர்வர் பயனர் அந்த மற்றவர்களில் ஒருவர். நீங்கள் 20.04லிருந்து நேரே 24.04க்குத் தாவியதால் நடுவில் நடந்தது கண்ணில் படவில்லை. அதே கான்ஃபிக், அதே ஃபைல்கள், அதே ஃபோல்டர் பெயர், ஆனால் மேலே உள்ள ஹோம் ஃபோல்டர் மூடியிருக்கிறது.

ஃபைலுக்கு எக்ஸ் என்றால் ஓட்டலாம் என்று அர்த்தம். ஃபோல்டருக்கு எக்ஸ் என்றால் வேறு. ஃபோல்டரில் ஆர் இருந்தால் உள்ளே என்னென்ன பெயர்கள் என்று பட்டியல் பார்க்கலாம். டபிள்யூ இருந்தால் உள்ளே புதிதாக உருவாக்கலாம், அழிக்கலாம், பெயர் மாற்றலாம். எக்ஸ் இருந்தால்தான் அதன் வழியாகக் கடந்து உள்ளே போக முடியும். டபிள்யூ இருந்து எக்ஸ் இல்லாவிட்டால் அந்த டபிள்யூவாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு ஃபைலைத் தொட வேண்டுமானால் ரூட்டிலிருந்து (பாதையின் தொடக்கமான '/') அதுவரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் வேண்டும். நீங்கள் செய்தது, ஒண்டுக்குடித்தன வீட்டில் கடைசி அறையின் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருக்கதவைப் பூட்டியே விட்டமாதிரி. உள்ளே 777, வெளியே 750.

இதை ஒரே பார்வையில் காட்டும் கருவி உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கிறது, ஏனோ பலருக்குத் தெரியவில்லை. 'நேம்-ஐ' என்று தட்டி, இடைவெளி விட்டு, கோடு சின்ன எல், பிறகு சிக்கலான ஃபைலின் முழுப் பாதை. பாதையில் உள்ள ஒவ்வொரு படியையும் தனித்தனி வரியில் ஓனர், குரூப், பர்மிஷனோடு கீழிறங்கும் ஏணி மாதிரிக் காட்டும். தலைப்பை விட்டுவிட்டால் முதல் வரி ரூட், இரண்டாவது ஹோம், இரண்டிலும் கடைசி மூன்று எழுத்து ஆர், கோடு, எக்ஸ். மூன்றாவது வரி ராஜா. அங்கே கடைசி மூன்று இடத்திலும் வெறும் கோடு. விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தால் எந்த வரியில் எக்ஸ் மறைகிறதோ அதுதான் பூட்டிய கதவு. நம்பரை மாற்றுவதற்கு முன் இதை ஒருமுறை ஓட்டியிருந்தால் உங்கள் இரண்டு நாள் மிச்சம்.

எல்லா 403ம் இந்த வகை இல்லை, அதனால் அப்பாச்சியின் எரர் லாகில் கடைசி வரியையும் பாருங்கள். 'ஏஎச்00035' என்ற எண்ணும், பாதையில் ஒரு பகுதிக்கு 'சர்ச் பர்மிஷன்' இல்லை என்ற வாசகமும் இருந்தால் மேலே சொன்ன பூட்டிய கதவு. 'ஏஎச்01630' என்று ஆரம்பித்து 'கிளையன்ட் டினைட் பை சர்வர் கான்ஃபிகரேஷன்' என்றிருந்தால் ஃபோல்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கான்ஃபிக்கில் அந்த டைரக்டரிக்கு 'ரிக்வயர் ஆல் கிரான்டட்' வரி விட்டுப்போயிருக்கிறது. 'ஏஎச்01276' என்றால் இண்டெக்ஸ் ஃபைல் அங்கே இல்லை. லாரவெலுக்கு டாக்குமென்ட் ரூட்டைப் பப்ளிக் ஃபோல்டருக்குக் காட்டாமல் அதற்கு மேலே காட்டியிருப்பீர்கள். பிரவுசர் மூன்றுக்கும் ஒரே 403ஐத்தான் நீட்டும், அதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது.

அடுத்தது வேர்ட்பிரஸ் எஃப்டிபி கேட்பது. இது எனக்குப் பிடித்த கேஸ், ஏனென்றால் 777 ஏன் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிளக்இன் நிறுவும் முன் வேர்ட்பிரஸ் 'எனக்கு எழுத முடிகிறதா' என்று மட்டும் பார்ப்பதில்லை. தற்காலிகமாக ஒரு சின்ன ஃபைலை உருவாக்கி, அதன் ஓனர் யார் என்று பார்க்கிறது. பிறகு வேர்ட்பிரஸின் சொந்த ஃபைல் ஒன்றின் ஓனரைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்றால் நேரடியாக எழுதும். இல்லாவிட்டால் எஃப்டிபி படிவத்தை முன்னால் வைக்கும். நீங்கள் சூடோ போட்டுக் காப்பி செய்ததால் ஃபைல்களின் ஓனர் ரூட், இங்கே அது நிர்வாகிப் பயனரின் பெயர். தற்காலிக ஃபைலை உருவாக்கியது சர்வர் பயனர். ரூட் வேறு, 33 வேறு. அங்கே 777 இருந்தாலும் ஒன்றுதான், 755 இருந்தாலும் ஒன்றுதான். ஓனரைச் சரிசெய்தால் படிவம் தானாக மறையும். கான்ஃபிக் ஃபைலில் 'எஃப்எஸ் மெத்தட்' என்பதற்கு 'டைரக்ட்' என்று எழுதினால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போகலாம். சொந்த மெஷினில் அதில் தப்பில்லை, ஆனால் எழுதும் உரிமை நிஜமாகவே இல்லாவிட்டால் அப்போதும் நிற்கத்தான் செய்யும்.

கிட்டின் முறைப்பாடும் ஓனர் விஷயம்தான். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, ரெப்போ (கிட் கவனிக்கும் புராஜெக்ட்) ஃபோல்டரின் ஓனரும் கட்டளை ஓட்டும் ஆளும் வேறு வேறு என்றால் கிட் வேலை செய்ய மறுக்கிறது. வேறொருவர் வைத்துவிட்டுப் போன ரெப்போவில் உள்ள கான்ஃபிக் வழியாக உங்கள் பெயரில் கட்டளை ஓட்டிவிடலாம் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த மாற்றம் அது. எரர் செய்தியின் கீழேயே 'சேஃப் டைரக்டரி'யில் சேர்க்கும் கட்டளையை அது காட்டும், நாமும் காப்பி அடித்து ஓட்டிவிடுவோம். உங்கள் கேஸில் அது வேண்டாம். ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், கிட் வாயை மூடிக்கொள்ளும். அங்கே நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்பு என்று சொல்வது, புகை வருகிறது என்று அலாரத்தைக் கழற்றுகிற வேலை.

கூடவே கிட் டிஃப் ஓட்டினால் ஒரு வரி கூட மாறாத ஃபைல்களிலும் 'ஓல்ட் மோட் 100644, நியூ மோட் 100755' என்று நீளமாக வந்திருக்கும். கிட் பர்மிஷனில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்கிறது: ஃபைல் ஓட்டக்கூடியதா, இல்லையா. எக்ஸ்ஃபேட் டிஸ்க்கோ, 777ஓ, எது முதலில் கைவைத்ததோ தெரியாது, இரண்டுமே எல்லா ஃபைலையும் ஓட்டக்கூடியதாக்கிவிடும். இதைக் கவனிக்காமல் கமிட் செய்து, ரிவ்யூ பார்க்கிறவரிடம் ஆயிரக்கணக்கான ஃபைல் மாற்றத்தை அனுப்பிவைத்தவர்கள் உண்டு.

லாரவெல் மட்டும் ஊகம். லாகைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் ஓடி மதியம் படுத்துக்கொள்வது என்றாலே என் சந்தேகம் ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் உள்ள லாக் ஃபைல் மேல்தான் போகும். லாகை நாள்வாரியாகப் பிரித்து எழுத வைத்திருந்தால், ஒவ்வொரு நாளும் முதலில் எழுதுபவர் யாரோ அவர் பெயரில் அன்றைய ஃபைல் பிறக்கிறது. நீங்கள் டெர்மினலில் ஆர்ட்டிசன் (லாரவெலின் சொந்தக் கருவி) கட்டளை ஓட்டி அதில் ஏதாவது எரர் வந்தால், ஃபைல் ராஜா பெயரில், மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இல்லாமல் பிறக்கும். பிறகு பிரவுசர் வழியாக ஏதாவது எழுத நேர்ந்தால் சர்வர் பயனரால் அதில் ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது. 'ஃபெய்ல்ட் டு ஓபன் ஸ்ட்ரீம்' என்று 500. நாளைக்கு இதுவே தலைகீழாக நடந்து, தளம் ஓடும், ஆர்ட்டிசன் அழும். பர்மிஷன் தானாக மாறிவிடுகிறது என்று பலர் சொல்வது இதைத்தான். எதுவும் தானாக மாறவில்லை. 777 கொடுத்தபோது இருந்த ஃபைல்களுக்குத்தான் 777. அதற்குப் பிறகு பிறக்கிறவற்றுக்கு அது பொருந்தாது. ஸ்டோரேஜில் ஃபிரேம்வொர்க்குக்குள் இருக்கும் வியூஸ் ஃபோல்டரிலும், பூட்ஸ்ட்ராப்புக்குள் இருக்கும் கேஷ் ஃபோல்டரிலும் இதே கதை நடக்கலாம்.

நோய் எல்லாம் ஒன்றுதான்: ஒரே ஃபோல்டரில் இரண்டு பேர், சூடோவையும் சேர்த்தால் மூன்று பேர், எழுதுகிறார்கள். இதற்கு வழக்கமான வைத்தியம் அந்த இரண்டு பேரையும் ஒரே குரூப்பில் சேர்ப்பது. நான் ஒற்றை ஆள் பயன்படுத்தும் லேப்டாப்பில் அதைச் செய்வதில்லை. இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறேன், அதாவது வெப் சர்வரையே ராஜாவாக ஓட வைக்கிறேன். லாரவெலுக்கு ஆர்ட்டிசன் சர்வ் போதும். சாதாரண பிஎச்பி தளத்துக்கு, பிஎச்பி 5.4 காலத்திலிருந்தே உள்ளே இருக்கும் சின்ன சர்வர் போதும்: 'பிஎச்பி', கோடு பெரிய எஸ், 'லோக்கல்ஹோஸ்ட்:8000'. இரண்டுமே டெர்மினலில் நீங்கள் ஓட்டுவதால் உங்கள் பெயரில்தான் ஓடும், பர்மிஷன் என்ற பேச்சே எழாது. ஹோம் ஃபோல்டர் 750 ஆகவே இருக்கலாம், அதுவும் நல்லதே.

அப்பாச்சியே வேண்டும் என்றால் அதன் எட்சி ஃபோல்டரில் 'என்வ்வார்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் 'அப்பாச்சி ரன் யூசர்', 'அப்பாச்சி ரன் குரூப்' என்ற இரண்டு வரியில் உங்கள் பெயரை எழுதி அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிஎச்பியைத் தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் வைத்திருந்தால் மாற்ற வேண்டியது அதன் பூல் ஃபைலில் உள்ள யூசர், குரூப் வரிகள்; 'லிசன் ஓனர்' வரியைத் தொடாதீர்கள், தொட்டால் அப்பாச்சியால் அந்த சாக்கெட்டைத் திறக்க முடியாமல் போய் 503 வரும். மாற்றிய உடனே பலரைப் பயமுறுத்தும் ஒன்று: தளத்தைத் திறந்தால் 'செஷன் ஸ்டார்ட்' தோற்றது, பர்மிஷன் டினைட் என்று வரும். பழைய செஷன் ஃபைல் சர்வர் பயனரின் பெயரில் பிஎச்பியின் செஷன் ஃபோல்டரில் கிடக்கிறது, பிரவுசர் அதே செஷன் குக்கியை நீட்டுகிறது, ராஜாவால் அதைத் திறக்க முடியவில்லை. உபுண்டுவில் அந்த ஃபோல்டர் 1733, அதாவது யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதிக்கொள்ளலாம், அடுத்தவருடையதைத் தொட முடியாது. லோக்கல்ஹோஸ்ட் குக்கியை அழித்தால் புது செஷன் உங்கள் பெயரில் பிறக்கும்.

இது சொந்த லேப்டாப்புக்கு மட்டும். லைவ் சர்வரில் வெப் சர்வரை லாகின் செய்யும் பயனராக ஓட்டவே கூடாது. தளத்தில் ஓட்டை விழுந்தால் உள்ளே வருபவன் அந்தப் பயனராகவே வருவான், எஸ்எஸ்எச் சாவி (வேறு மெஷின்களுக்குள் லாகின் செய்யும் சாவி) உட்பட எல்லாம் அவன் கையில். லேப்டாப்பிலும் அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு. அப்பாச்சி இயல்பாக எல்லா நெட்வொர்க்கிலும் காது கொடுத்துக்கொண்டிருக்கும், காபி கடை வைஃபையிலும். போர்ட்ஸ் கான்ஃபிக்கில் லிசன் வரியை 127.0.0.1:80 என்று மாற்றினால் உங்கள் மெஷினைத் தவிர யாருக்கும் தளம் தெரியாது. இதைச் செய்யாமல் மேலே சொன்னதைச் செய்யாதீர்கள்.

சர்வர் பயனர் தனியாகவே இருக்கட்டும் என்பவர்களுக்கு ஏசிஎல், அதாவது குறிப்பிட்ட ஒரு பயனருக்கு மட்டும் தனியாக உரிமை கொடுக்கும் வசதி, இருக்கிறது. ஹோம் ஃபோல்டரில் 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையால் சர்வர் பயனருக்கு மட்டும் எக்ஸ் கொடுக்கலாம். அவர் கடந்து போவார், பட்டியல் பார்க்க முடியாது, மற்றவர்களுக்குக் கதவு பூட்டியே இருக்கும். ஸ்டோரேஜ் போன்ற எழுதும் ஃபோல்டர்களில் உங்களுக்கும் அவருக்கும் எழுதும் உரிமை கொடுத்து, அதையே டிஃபால்ட்டாகவும் வைத்தால், நாளை பிறக்கும் லாகிலும் இரண்டு பேரும் எழுதலாம். குரூப் வழியில் போகிறவர்கள் 'யூசர்மோட்' கட்டளையில் பெரிய ஜிக்கு முன் சின்ன ஏ போட மறக்காதீர்கள். அந்த ஒரு எழுத்து இல்லாவிட்டால் 'இந்தக் குரூப்பிலும் சேர்' என்பது 'மற்ற கூடுதல் குரூப்புகளிலிருந்து எல்லாம் விலகு' என்று ஆகிவிடும். சூடோ குரூப்பிலிருந்தும் போய்விடுவீர்கள், திரும்ப வர சூடோ வேண்டும். குரூப்பில் சேர்ந்த பிறகு ஒருமுறை லாக்அவுட் ஆகி வந்தால்தான் அது அமலுக்கு வரும்.

இப்போது இருக்கும் குழப்பத்தைத் துடைக்க, உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்ததை ஓரமாக வைத்துவிட்டு, கிட்டில் இருப்பதைப் புதிதாகக் குளோன் செய்வேன். பர்மிஷன் சரியாக, ஓனர் நானாக வந்து இறங்கும். கிட்டில் இல்லாத என்வ் ஃபைல், அப்லோட்ஸ் ஃபோல்டர் ஆகியவற்றை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்வேன். வெளி லைப்ரரிகள் இருக்கும் வெண்டார், நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்கள் இரண்டையும் எந்தக் காலத்திலும் மெஷின் விட்டு மெஷின் தூக்கிப் போகாதீர்கள். கம்போஸரும் என்பிஎம்மும் திரும்ப நிறுவிக் கொடுக்கும், ஆனால் அவற்றை சூடோ போட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் பார்க்கும் ரூட் ஓனர் ஃபைல்களில் பாதி அப்படித்தான் பிறக்கின்றன.

குளோன் செய்ய வழியில்லை என்றால்: முதலில் 'சி-எச்-ஓன்' கொண்டு அந்தத் தளத்தின் ஃபோல்டர் முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு 'ஃபைண்ட்' கட்டளையில் வகை டி என்று கொடுத்து ஃபோல்டர்களுக்கு மட்டும் 755, வகை எஃப் என்று கொடுத்து ஃபைல்களுக்கு மட்டும் 644. வேர்ட்பிரஸின் சொந்த வழிகாட்டியிலும் இதே இரண்டு எண்கள்தான். 'சி-எச்-மோட்'டில் பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டர்களுக்கு மட்டும் எக்ஸ் போகும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். சரிதான், ஆனால் ஏற்கெனவே எக்ஸ் உள்ள ஃபைல்களையும் அது அப்படியே விட்டுவைக்கும். 777 கொடுத்த பிறகு எல்லா ஃபைலிலும் எக்ஸ் இருக்கிறது, ஆகவே உங்களுக்கு அது உதவாது. எஸ்எஸ்எச் சாவிகளையும் அதே டிஸ்க்கில் கொண்டுவந்திருந்தால், அந்த ஃபோல்டருக்கு 700, தனிச் சாவிக்கு 600. அங்கே நிலைமை நேர்மாறு: உரிமை கூடுதலாக இருந்தால்தான் எஸ்எஸ்எச் சண்டை போடும், 'டூ ஓபன்' என்று சொல்லி அந்தச் சாவியையே பயன்படுத்தாது.

'சி-எச்-ஓன்' தட்டும்போது என்டர் அழுத்தும் முன் பாதையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அலுவலக டெஸ்ட் சர்வரில் /வார் என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்லாஷுக்கும் வாருக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. கூடவே பெரிய ஆர். அதாவது ரூட்டிலிருந்து எல்லாமே என் பெயருக்கு. வழக்கத்தைவிட நேரமாகிறதே என்று கன்ட்ரோல்-சி அழுத்தினேன், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சரிசெய்யலாம் என்று சூடோ தட்டினால், 'நான் 0 என்ற நம்பருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்' என்று சூடோவே வேலைக்கு வர மறுக்கிறது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த சர்வரைத் திரும்ப நிறுவினேன். அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' ரூட்டைக் கொடுத்தால் இயல்பாகவே மறுத்துவிடும். 'சி-எச்-ஓன்', 'சி-எச்-மோட்' இரண்டும் மறுக்காது, சொன்னதைச் செய்துவிடும். இன்றைக்கும் நான் சம்பந்தப்பட்ட ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு ஒற்றைப் புள்ளியைத்தான் இலக்காகக் கொடுக்கிறேன்.

இதே கேள்வியோடு வேறு சிஸ்டத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபெடோராவில் பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இ-லினக்ஸைச் (ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டிக் காவல் காக்கும் கூடுதல் பாதுகாப்பு) சந்தேகப்படுங்கள். ஹோமிலிருந்து 'எம்வி'யால் நகர்த்திய ஃபைல் பழைய லேபிளோடு வரும், 'சிபி'யால் காப்பி செய்தது புது இடத்தின் லேபிளை எடுத்துக்கொள்ளும். 'ரெஸ்டோர்கான்' ஓட்டினால் லேபிள் சரியாகும், எஸ்இ-லினக்ஸையே அணைக்க வேண்டியதில்லை. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களுக்குத் தனிக் காவல் உண்டு; தளங்களை ஹோமில் வேறு ஃபோல்டரில் வைத்தால் தொல்லை இல்லை. விண்டோஸில் எக்ஸாம்ப்பை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாதீர்கள், ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரில் நோட் புராஜெக்ட்டை வைக்காதீர்கள். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்) பயன்படுத்தினால் சி டிரைவில் இருக்கும் ஃபைல்களுக்கு 'சி-எச்-மோட்' இயல்பு அமைப்பில் ஒட்டாது, தளத்தை லினக்ஸ் பக்கத்து ஹோமிலேயே வையுங்கள்.

லாரவெல் விஷயத்தில் என் ஊகம் சரியா என்று பார்க்க மூன்று கட்டளைகளின் வெளியீட்டை இங்கே போடுங்கள்: 'ஐடி', ஸ்டோரேஜ் லாக்ஸ் ஃபோல்டரில் 'எல்எஸ்' கோடு எல், 500 வந்த உடனே அப்பாச்சி எரர் லாகின் கடைசி 20 வரி. லாக்ஸ் ஃபோல்டரில் ஃபைல்களின் ஓனர் எல்லாம் ஒரே பெயராக இருந்தால் என் ஊகம் தப்பு, வேறு இடத்தில் தேட வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டோ ஆப் கீயோ அந்த வரிகளில் தெரிந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள்.